அலறலும் பாட்டும்: அபி லிங்கனைக் கேட்டல்

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறு கூட்டத்தில் ஜாஸ் பாடகியும் நடிகையுமான அபி லிங்கனைப் பற்றிப் பேசினேன். 1960 இல் மக்ஸ் ரோச் உருவாக்கிய ‘வீ இன்சிஸ்ற்!’ இசைத்தொகுதியில் அவர் சொற்களே இல்லாமல் அலறும் பகுதியை ஒலிக்கவிட்டு, ‘இதுதான் ஒடுக்கப்பட்டோரின் குரல்’ என்று முடித்தேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த தோழி ஒருவர் கேட்டார்: “அவ கத்தினதை மட்டும் போட்டுக் காட்டினியள். அவ எழுதினது, பாடினது ஒண்டும் இல்லையோ?” அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இது காலம் பிந்திய பதில்.

1930 இல் சிகாகோவில் பிறந்து மிச்சிகன் கிராமப்புறத்தில் வளர்ந்தவர் அவர். பன்னிரண்டு பிள்ளைகளில் பத்தாவது. இயற்பெயர் அனா மரி வூல்ட்றிச். வெஸ்ற்மினிஸ்ரர் அபியையும் ஆபிரகாம் லிங்கனையும் ஒட்டி ‘அபி லிங்கன்’ என்ற பெயரைச் சூட்டியவர் அவருடைய முகாமையாளரான பாடலாசிரியர் பொப் றசல். 1956 இல் ‘த கேர்ள் கான்ற் ஹெல்ப் இற்’ படத்தில் பாட வந்தபோது அவருக்கு அணிவிக்கப்பட்டது, மர்லின் மன்றோ முன்பொரு படத்தில் அணிந்த சிவப்பு ஆடை. பெயரும் இரவல், உடுப்பும் இரவல். அந்த ஆடையைப் பின்னர் அவரே எரித்துவிட்டார்.

இதன்பின் வருவது நமக்குப் பிடித்தமான அத்தியாயம். 1960 இல் கறுப்பின மாணவர்கள் உணவகங்களில் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட இருக்கைகளில் அமர்ந்து போராடினர். அதே வருடம் மார்ச்சில் தென்னாபிரிக்காவின் ஷார்ப்வில்லில் 69 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். இவ்விரண்டும் அந்த இசைத்தொகுதிக்குள் இருக்கின்றன. 1961 பெப்ரவரியில், லுமும்பாவின் கொலையைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குள் நடந்த எதிர்ப்பில் லிங்கனும் கலந்துகொண்டார். அதே மாதம் ‘ஸ்ற்றெயிற் அஹெட்’ இசைத்தட்டைப் பதிவு செய்தார். ‘டவுன் பீற்’ சஞ்சிகையில் அதை விமர்சித்த ஐரா கிற்லர், இவர் தன் கறுப்புத்தன்மையையே தொழிலாக்கிக் கொள்கிறார் என்ற தொனியில் எழுதினார். மறுவருடம் அதே சஞ்சிகை கூட்டிய விவாதத்தில் லிங்கன் அவருக்கு நேருக்கு நேர் பதில் சொன்னார். ஆனால் தனித்து அவர் பெயரில் அடுத்த ஸ்ரூடியோ இசைத்தட்டு பதிவாகியது 1973 இல், அதுவும் டோக்கியோவில்.

கலையா பிரச்சாரமா என்ற நமது பழைய சண்டைக்கு இது நல்ல உதாரணம் என்று நான் நினைத்திருந்தேன். கிற்லர் ஒரு பக்கம், நான் மறுபக்கம். இப்போது பார்க்கையில் நாங்கள் இருவரும் ஒரே தவறைத்தான் செய்திருக்கிறோம். அவர் கோஷத்தைக் கேட்டுச் சினந்தார். நான் கோஷத்தைக் கேட்டு மகிழ்ந்தேன். பாட்டை இருவருமே கேட்கவில்லை.

அந்த அலறல் ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகமானது. இசையமைப்பு ரோச்சினுடையது. அதே தொகுதியின் முதற் பாடலான ‘டிறைவா மான்’ அடிமைப் பெண்களைக் கங்காணி பாலியல் வன்முறைக்கு உட்படுத்துவதைச் சொல்வது. ஐந்து அடி கொண்ட தாளத்தில், அலங்காரம் எதுவுமின்றி, வேலைத்தலத்தில் நின்று கணக்குச் சொல்வது போல் அதைப் பாடுகிறார். குரல் உடையவில்லை, அழவும் இல்லை. கேட்பவருக்கு இரக்கப்படும் வசதியைக்கூட அவர் தரவில்லை. அலறலைவிட இதுவே என்னை இப்போது அதிகம் தொந்தரவு செய்கிறது.

1964 இல் வந்த ‘நதிங் பட் எ மான்’ படத்திலும் இந்த அடக்கமே இருக்கிறது. இயக்குநர் மைக்கல் றோமர் பேர்லினில் பிறந்த யூதர். 1939 இல், சிறுவனாக, இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அகதி. லிங்கன் நடித்தது ஜோசி என்ற ஆசிரியையாக. அவள் மணந்த தொழிலாளி டஃப் வெள்ளையரிடம் பணிய மறுத்து வேலையிழக்கிறான். அந்த அவமானத்தை எங்கே இறக்கிவைப்பது? கர்ப்பிணி மனைவியைத் தள்ளி வீழ்த்துகிறான். படம் டஃபின் மானத்தைப் பற்றியது. தலைப்பிலேயே ஆண்தான் இருக்கிறான். ஆனால் அந்த மானத்துக்கான விலை யாரிடமிருந்து அறவிடப்படுகிறது என்பதை ஜோசியின் முகம் சொல்கிறது.

இரண்டு வருடங்களின்பின், 1966 செப்ரெம்பர் ‘நீக்ரோ டைஜஸ்ற்’ இதழில் லிங்கன் ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பினப் பெண்ணைப் போற்றப்போவது யார் என்பதே அதன் கேள்வி. வெள்ளையரை மட்டுமல்ல, தம் பெண்களைத் தாழ்த்திப் பேசும் தன் இனத்து ஆண்களையும் அது கூண்டில் ஏற்றியது. அக்கட்டுரையை நான் அன்றைய கூட்டத்தில் குறிப்பிடவேயில்லை. எதிரியை நோக்கி அலறும் பெண் எங்களுக்கு வேண்டும். எங்களைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பெண் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இல்லை. ஹொலிவூட் அவருக்கு ஒரு சிவப்பு ஆடையை அணிவித்தது. நானும் இன்னொரு சிவப்பு ஆடையைத்தான் அணிவித்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

1970 இல் ரோச்சுடனான மணவாழ்வு முறிந்தது. அதற்குப் பிந்திய அபி லிங்கன்தான் எழுதும் அபி லிங்கன். ‘பீப்பிள் இன் மீ’, ‘த்றோ இற் அவே’, ‘பேர்ட் அலோன்’ எல்லாம் அவரே எழுதிய பாடல்கள். தாளத்துக்குச் சற்றுப் பிந்தி, பேச்சுக்கு மிகக் கிட்ட நின்று பாடும் குரல். சில இடங்களில் சுருதி சற்று நழுவும், அதை அவர் மறைப்பதில்லை. 1990 இல் ‘த வேர்ல்ட் இஸ் ஃபோலிங் டவுன்’ வெளிவந்தபோது அவருக்கு வயது அறுபது. அங்கிருந்து, 2007 இல் தன் பாடல்களையே மீண்டும் பாடிய கடைசி இசைத்தட்டுவரை, அவரது மிகச் செழிப்பான காலம் முதுமையிலேயே வாய்த்தது. 2010 ஓகஸ்ட் 14 இல் நியூயோர்க்கில் காலமானார்.

இதனால் அந்த அலறல் பொய்யென்று ஆகிவிடாது. அது வேண்டியிருந்த காலம் அது. ஆனால் ஒரு மனுஷியின் ஐம்பது வருட உழைப்பை ஒரு நிமிடத்துக்குள் சுருக்கி, அதற்கு ‘ஒடுக்கப்பட்டோரின் குரல்’ என்று பெயரும் வைத்துவிட்டு நாம் வீடு போவது விமர்சனம் அல்ல. அந்தத் தோழி இன்னொரு கூட்டத்துக்கு வருவாரானால், இம்முறை ‘பேர்ட் அலோன்’ பாடலை முழுதாக ஒலிக்கவிட்டு, பேசாமல் இருக்க எண்ணியிருக்கிறேன்.