வேடம் கலைந்த பின்

கோடம்பாக்கம் நமக்குக் காட்டும் போலிச் சாமியார் கதைகளுக்கு முடிவு ஒன்றே. 2020இல் வெளிவந்த 'மூக்குத்தி அம்மன்' வரை, வேடம் கலைவதோடு கதையும் நிறைவெய்துகிறது. குருவைத் துறந்தவன் மறுநாள் எவர் வீட்டில் உணவருந்தினான், அவன் மகளுக்கு மணம் பேச யார் வந்தார் என்று திரை கேட்பதில்லை. உண்மைச் சோதனை தொடங்குவதோ அங்கேதான்.

அதனை அறிய அஸ்கர் அலி இன்ஜினியர் 2011இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தன்வரலாற்றைப் பயிலலாம். தாவூதி போஹ்ரா மதகுரு ஒருவரின் மகனான அவர், 1972இல் உதயப்பூரில் எழுந்த சீர்திருத்தக் கிளர்ச்சியை ஆதரித்துச் சமூகவிலக்குக்கு ஆளானார். நிக்காஹ்வுக்கும் ஜனாஸாவுக்கும் தலைமையின் இசைவு வேண்டப்படும் அமைப்பில், விலக்கு என்பது உற்றாரை இழப்பதேயாகும். இத்தகைய விலக்கைத் தடுக்க 1949இல் பம்பாய் அரசு இயற்றிய சட்டத்தை, 1962இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 2000இல் அவருடைய இல்லமும் அலுவலகமும் தாக்கப்பட்டன.

ஆயினும் அவர் மார்க்கத்தை விட்டு அகலவில்லை. திருக்குர்ஆனை ஆழ்ந்து கற்று, பெண்ணுரிமைக்கும் சமய நல்லிணக்கத்துக்கும் 2013இல் மறையும்வரை உழைத்தார். தலைமையைத் துறப்பது வேறு. இறைவனைத் துறப்பது வேறு. இவ்வேறுபாட்டை நம் திரைக்கதைகள் இன்னும் உணரவில்லை.

நாமும் உணர்ந்தோமா? தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் 2007இல் ஒரு கட்டுரைக்காக ஊர்விலக்கம் செய்யப்பட்டதை நாம் மறத்தற்கில்லை. கருத்தைக் கருத்தால் மறுக்கலாம், ஸலாமை மறுக்கலாகாது. விலகியவரின் வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் கதையைக் கோடம்பாக்கம் என்று எழுதுமோ, அன்றுதான் அக்கலை முழுமை பெறும்.