எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

கொள்ளைநோய்க்கு வீட்டை எப்படித் தயார்செய்வது என்று சொல்லும் அறிக்கைகளையும், ஒரு கதையையோ கவிதையையோ படிப்பதுபோல, சொல் சொல்லாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கொரோனா காலத்தில் எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் சுவரில் ஒட்டியவை, கையில் கொடுத்தவை, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப்போனவை எல்லாம் ஒரே மாதிரி முடிந்தன. கைகளை அடிக்கடி கழுவவும். நோயாளியைத் தனி அறையில் வைக்கவும். அவர் துணிகளைத் தனியே துவைக்கவும். இந்த ‘வும்’முக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. எழுவாயும் வேண்டாம். யார் கழுவ, யார் துவைக்க என்று வாக்கியம் சொல்லாது. எழுதியவருக்கும் தெரியும், படிக்கிற வீட்டுக்கும் தெரியும்.

இன்ஃப்ளூயன்சா 1918, 1957, 1968, 2009 என்று நான்கு முறை உலகைச் சுற்றிவிட்டது. ஐந்தாவது முறை எப்போது என்பதுதான் தெரியாது. வரும் என்பதில் மருத்துவ உலகில் சந்தேகம் இல்லை. அன்றைக்கும் இதே வாக்கியங்கள்தான் அச்சாகும். அதனால்தான் இப்போதே படிக்கச் சொல்கிறேன்.

பறவைக்காய்ச்சல் பயம் பரவியிருந்த 2006 வாக்கில் அமெரிக்க அரசு குடும்பங்களுக்கென்று ஒரு பட்டியல் வெளியிட்டது. இரண்டு வாரத்துக்கான தண்ணீரையும் உணவையும் சேமித்து வை என்றது அது. இதைத் திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் ஐந்து பேர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாலு லிட்டர். பதினாலு நாளைக்கு 280 லிட்டர். பிளாஸ்டிக் குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் பத்தொன்பது குடம். ஆளுக்கு எட்டு முறை, தடவைக்கு அரை லிட்டர் என்று கை கழுவினால் இன்னொரு 280 லிட்டர். கை கழுவ உப்புத்தண்ணீர் போதாதா என்று கேட்கலாம். எங்கள் பக்கத்து உப்புத்தண்ணீரில் சோப்பு நுரைக்காது, கைதான் பிசுபிசுக்கும். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் வண்டி வரக் காத்திருந்து குடத்துக்குக் காசு கொடுக்க வேண்டும், அல்லது குழாயடியில் வரிசை போட வேண்டும். முப்பத்தெட்டுக் குடமும் ஓர் இடுப்பில்தான் வீடு வந்து சேரும். ‘கழுவவும்’ என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவு நடை இருக்கிறது.

அடுத்தது தனி அறை. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பத்து அக்கா ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “தனி ரூமுக்கு நான் எங்க தாயி போவேன்? இருக்கிறதே ஒத்த ரூமு. அவரை உள்ள படுக்கப் போட்டுட்டு நானும் பிள்ளைகளும் வேப்பமரத்தடியில கெடந்தோம். கஞ்சி குடுக்க மட்டும் உள்ள போவேன்” என்றார். “உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப யாருக்கா பார்த்தது?” என்றேன். சிரித்தார். “எனக்கு வந்தப்ப நானேதான் எந்திரிச்சுச் சோறு பொங்குனேன்.”

தனிமைப்படுத்த இடமே இல்லாத மண் அல்ல இது. மதுரை மாவட்டம் கூவலாபுரத்திலும் பக்கத்து ஊர்கள் சிலவற்றிலும் மாதவிடாய்ப் பெண்களை ஒதுக்கி வைக்க முட்டுத்துறை என்று தனிக் கட்டடமே உண்டு. தொற்றாத ஒன்றுக்கு ஊர் கூடி இடம் ஒதுக்கத் தெரிந்திருக்கிறது. தொற்றும் காய்ச்சலுக்கு மட்டும் வீட்டுக்காரி வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும்.

வீட்டுத் தனிமைக்கான மத்திய அரசின் நெறிமுறை 24 மணி நேரமும் ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்றது. நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரே பார்த்துக்கொள்வது நல்லது என்றது உலக சுகாதார நிறுவனம். மருத்துவக் கணக்கில் இது சரிதான். நோயாளியை நெருங்குபவர்கள் குறைந்தால் பரவலும் குறையும். ஆனால் மொத்த ஆபத்தும் அந்த ஒருவர்மேல் குவிகிறது. அந்த ஒருவர் யார்? ‘பராமரிப்பாளர்’ என்ற மரியாதையான ‘ர்’ அதையும் மறைத்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது சராசரி 299 நிமிடம். செய்யும் ஆண் 97 நிமிடம். அந்த 97ம்கூட எல்லா ஆண்களுக்குமான சராசரி அல்ல. நாலில் ஒருவர்தான் வீட்டுவேலையைத் தொட்டிருக்கிறார். இந்த வீட்டுக்குள் காய்ச்சல் வந்தால் கூடுதல் நிமிடங்கள் யார் கணக்கில் ஏறும் என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

1918இல் அது உயிர்க்கணக்காகவே ஏறியது. அந்த ஆண்டு மே, ஜூனில் கப்பல் வழியாக பம்பாய்க்கு வந்த காய்ச்சல், மழைக்குப் பின் இரண்டாம் அலையாகக் கொடூரமாகத் திரும்பியது. இந்தியாவில் இறந்தவர்கள் 1.2 கோடியிலிருந்து 2 கோடி வரை என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதே ஆண்டு பருவமழையும் பொய்த்தது; தானிய விலை ஏறி, சென்னையில் மக்கள் கடைகளைச் சூறையாடினார்கள். அமெரிக்காவில் அந்தக் காய்ச்சலுக்கு ஆண்கள் அதிகம் செத்தார்கள், இங்கே பெண்கள். நோயாளிக்குப் பக்கத்திலேயே இருந்ததும் போதிய உணவு இல்லாததும் காரணங்கள் என்று சொல்லப்படுகிறது. எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கத்தோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். ‘போதிய உணவு இல்லை’ என்பதன் பொருள் விளங்கும். கர்ப்பிணிகள் அப்போதும் 2009இலும் கூடுதலாகவே பாதிக்கப்பட்டார்கள். பருவக்காய்ச்சல் தடுப்பூசியில் அவர்களுக்கு முதலிடம் தரச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2012இல் பரிந்துரைத்தது. நம்மில் எத்தனை பேர் கர்ப்ப காலத்தில் அந்த ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டோம்?

இந்த இடத்தில் யாராவது ஒருவர் முன்னோர் பெருமையை எடுப்பார். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினோம், வெளியாள் வரமாட்டார், தாளிக்க மாட்டோம், தனிமைப்படுத்தல் நமக்குப் புதிதா என்பார். எனக்கும் அதில் ஒன்று பிடிக்கும்: வாசலைப் பார்த்தே ஊருக்குச் செய்தி தெரிந்துவிடும், யாரும் யாரையும் குற்றம் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த வீட்டுக்குள் இரவெல்லாம் வேப்பங்குழையால் வருடிக்கொண்டு பத்தியம் காத்தவள் யார்? தூரமானால் அந்த வாசலுக்கே வரக்கூடாது என்று விலக்கப்பட்டவள் யார்? அரசு அறிக்கை மறந்த எழுவாயைப் பாரம்பரியமும் சேர்த்தே மறக்கிறது. குலுக்கையில் குதிரைவாலியும் வரகும் இருந்த காலத்தைப் பற்றிய ஏக்கமும் அப்படித்தான். உரலில் குத்திப் புடைத்தால்தான் அது சோறு.

அப்படியானால் தயாரிப்பே வேண்டாமா? வேண்டும், வாக்கியத்தைத் திருத்தி. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் நாள் யார் பார்ப்பது, அவருக்கு முடியாமல் போனால் அடுத்து யார் என்று இப்போதே பெயர் சொல்ல வேண்டும். பார்ப்பவருக்கு முகக்கவசமும், முதலில் பரிமாறப்படும் சோறும் உண்டு என்று எழுத வேண்டும். தெருவில் தண்ணீர் வண்டி எந்த வாசலில் நிற்கும், குடத்தை யார் இறக்கித் தருவார் என்பதை ஊராட்சி சொல்ல வேண்டும். கூலி நிற்கும் நாட்களில் குழுக் கடன் தவணை கேட்டு வாசலில் வந்து நிற்பவரை யார் திருப்பி அனுப்புவது என்பதும் நோய்த் தயாரிப்புதான். 2020இல் ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணைக்கு அவகாசம் தரலாம் என்றபின்னும் வசூலுக்கு ஆள் வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. ஆகஸ்ட் 15இலும் அக்டோபர் 2இலும் கிராமசபை கூடுகிறது. இதைப் பேசத் தனி மாநாடு தேவையில்லை.

நூறு நாள் வேலைக்கு நடுவில் கண்மாய்க் கரையில் ஓய்ந்து உட்கார்ந்திருந்த பெண்களிடம் இந்தப் பெயர் எழுதும் யோசனையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மதினி, “எங்க வீட்டுக்காரரு பேரையே மொதல்ல எழுதிக்க. கஞ்சி காச்ச இப்பருந்து பழக்குனாத்தான் அதுக்குள்ள சரியா வரும்” என்றார். பக்கத்திலிருந்தவர், “உப்பு எங்க இருக்குன்னு காட்டிட்டு வா மொதல்ல” என்றார்.