விசிலும் மீனும்

நாய் வளர்க்காத எனக்கு 'நாயைச் சுடாதே' என்ற அர்த்தத்தில் தலைப்பு வைத்த புத்தகம் எதற்கு? மகளுக்கு நான் பாட்மிண்டன் சர்வீஸ் சொல்லிக்கொடுக்கும் லட்சணத்தைப் பார்த்த நண்பர் ஒருவர் கையில் திணித்துவிட்டுப் போனார். அப்போது அவள் ராக்கெட்டை ஒளித்துவைக்க ஆரம்பித்திருந்தாள்.

கேரன் ப்ரையர் எழுதி 1984ல் வந்த 'டோன்ட் ஷூட் தி டாக்'. அம்மணி 1960களில் ஹவாயில், ஸீ லைஃப் பார்க்கில் டால்ஃபின்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். டால்ஃபினை அதட்டினால் குளத்தின் அந்தக் கோடிக்கு நீந்திப் போய்விடும். எகிறி அந்தரத்தில் இருக்கும்போது வாயில் மீன் போடவும் முடியாது. ஆகவே, சரியாக எகிறிய அந்த நொடியில் ஒரு விசில். 'இதைத்தான் கேட்டேன், மீன் பின்னால் வருது' என்று அர்த்தம். நாய்க்கு விசிலுக்குப் பதில் 'க்ளிக்' என்கிற சின்ன டப்பி. அவ்வளவுதான் சமாசாரம்.

'வெரிகுட்' சொன்னால் என்ன குறைச்சல்? நிறைய. அது வாயிலிருந்து வருவதற்குள் அடுத்த தப்பு ஆரம்பமாகியிருக்கும். கூடவே அப்பாவின் ஆபீஸ் அலுப்பும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒட்டிக்கொண்டு வருவார்கள். க்ளிக்குக்கு முகம் கிடையாது.

சும்மா சொல்லக் கூடாது, ப்ரையர் பிரமாதமாக எழுதுகிறார். வேண்டாத பழக்கத்தை ஒழிக்க எட்டு வழிகள் என்று ஆரம்பித்து, முதல் வழியாகச் 'சுட்டுவிடலாம்' என்கிறார். வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அதே அத்தியாயத்தில், அழுக்குத் துணியை அறையெல்லாம் போடும் ரூம்மேட்டையும் பழக்கலாம் என்று வரும்போது எனக்கு நெருடுகிறது. டால்ஃபினிடம் விஷயத்தை விளக்க முடியாது, சரி. மனுஷனிடம் சொல்லலாமே? சொல்லாமல் பழக்குவதற்கு வேறு பெயர் இருக்கிறது.

இந்த ஓட்டையைப் பின்னால் அடைத்தவர்களில் முக்கியமானவர் தெரசா மெக்கியான் என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் கோச். எதற்குச் சத்தம் வரும் என்பதைக் கற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம் என்பது அவர்களின் 'டேக்டீச்' முறை. 2016ல் வெளியான ஒரு ஆய்வில் 12 மருத்துவ மாணவர்களில் பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை முடிச்சு போடவும் துளையிடவும் க்ளிக் மூலம் கற்றுக்கொடுத்தார்கள். செய்துகாட்டிக் கற்றவர்களைவிட இவர்கள் கை துல்லியம். பன்னிரண்டே பேர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பால்பாயிண்ட் பேனாவை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். முதல் நாள் படுதோல்வி. பந்து வலையைத் தாண்டினால் க்ளிக் என்று வைத்தேன், மணிக்கட்டைக் கண்டபடி ஒடித்துத் தாண்டவைத்தாள். எதற்கு க்ளிக் என்று தீர்மானிப்பதுதான் வாத்தியார் வேலையே. அது ப்ரையர் எழுதியிருக்கும் அளவு சுலபமில்லை. மறுநாள் அவளிடமே சொன்னேன்: "பந்தை விடற கை ஆடக் கூடாது. அது மட்டும்தான்."

க்ளிக். மௌனம். க்ளிக், க்ளிக்.

அரைமணி கழித்து, "நாளைக்கும் பேனா எடுத்துட்டு வாப்பா" என்றாள். "நீ பேசாம இருக்கறது நல்லா இருக்கு."