மாதிரிக்கு மட்டும் ஒரு முகம்

இணையத்தில் டிசைன் விற்கும் சந்தைகளில் வலைத்தள டெம்ப்ளேட்டோ விளம்பர அட்டையோ வாங்கியவர்களுக்கு இது பழக்கமான அனுபவம். முன்னோட்டத்தில் மடிக்கணினியோடு சிரித்துக்கொண்டிருந்த பெண், காசு கட்டிக் கோப்பை இறக்கியதும் காணாமல் போயிருப்பாள். அவள் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். படங்கள் முன்னோட்டத்துக்கு மட்டுமே என்று விற்பனைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று வாங்கியவர் புலம்புவார். சட்டப்படி இதில் ஏமாற்று ஏதுமில்லை. டிசைனர் அந்தப் படத்தை ஒரு ஸ்டாக் போட்டோ நிறுவனத்திடம் உரிமம் பெற்று வைத்திருக்கிறார். அதைக் காட்ட அவருக்கு உரிமை உண்டு, அடுத்தவருக்குக் கைமாற்ற உரிமை இல்லை. வாங்கியவர் தனக்கென்று தனி உரிமம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சந்தைகளின் காப்புரிமைச் சண்டைகளெல்லாம் புகைப்படக்காரர், டிசைனர், வாங்குபவர் ஆகிய மூவருக்குள் நடப்பவை. படத்தில் இருப்பவள் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. அழகு நிலையமோ வங்கிக் கடனோ பல் மருத்துவமனையோ, எந்தத் தொழிலுக்கான டெம்ப்ளேட் என்றாலும் அதை விற்றுக்கொடுப்பது பெரும்பாலும் ஒரு பெண்ணின் முகம்தான். ஆனால் காப்புரிமைச் சட்டம் அந்த முகத்தை அவளுடையதாகக் கருதுவதில்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர்தான் என்று சொல்கிறது. மற்ற நாடுகளிலும் ஏறக்குறைய இதே நிலைதான். நிறுவனத்தின் பெயரை வாட்டர்மார்க்காக அவள் கன்னத்தின் மேல் குறுக்கே ஓடவிட்டிருப்பார்கள். அது காப்பது படத்தை, அவளை அல்ல.

அவள் பக்கம் இருப்பது ஒரே ஒரு தாள். தொழிலில் அதை ‘மாடல் ரிலீஸ்’ என்பார்கள். தன் உருவத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அவள் கையெழுத்திட்டுத் தரும் ஒப்புதல் அது. ஒருமுறை கூலி வாங்கிக் கையெழுத்துப் போட்டால் பொதுவாக எல்லாக் காலத்துக்கும் எல்லா நாட்டுக்கும் செல்லும். பெரிய ஸ்டாக் நிறுவனங்களின் உரிமத்தில் இன்னொரு நிபந்தனையும் இருக்கும். நோய், பாலியல் போன்ற விஷயங்களோடு மாடலைத் தொடர்புபடுத்துவதை அது தடுக்கும், அல்லது படத்தில் இருப்பவர் மாடல் மட்டுமே என்று குறிப்பிடச் சொல்லும். நல்ல நிபந்தனைதான். ஆனால் அது நிறுவனத்துக்கும் வாங்குபவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் இருப்பது. அவளுக்கு என்ன நேரலாம், என்ன நேரக்கூடாது என்று பேசி முடித்துக்கொள்பவர்கள் அவர்கள் இருவரும்தான்.

அந்தத் தாளும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பழைய கதை ஒன்று இருக்கிறது. அபிகெய்ல் ராபர்சன் என்ற இளம்பெண்ணின் உருவப்படத்தை ஃபிராங்க்ளின் மில்ஸ் என்ற மாவு ஆலை அவளைக் கேட்காமலே விளம்பரத் தாளில் போட்டது. அச்சடித்தவை ஏறத்தாழ 25,000 தாள்கள். தன் முகம் பொது இடங்களில் தொங்குவதை அறிந்து படுத்த படுக்கையானவர், 15,000 டாலர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். 1902இல் மாநிலத்தின் உச்ச அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அப்படியொரு அந்தரங்க உரிமையே சட்டத்தில் இல்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. படம் அழகாகத்தான் இருக்கிறது, வேறு பெண்ணாக இருந்தால் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருப்பாள் என்ற தொனியும் அதில் உண்டு. உன்னை அழகாகத்தானே காட்டியிருக்கிறது, பிறகென்ன குறை என்ற கேள்வியை வீட்டிலும் தெருவிலும் கேட்டிருக்கிறோம். நீதிமன்றமும் அதையேதான் கேட்டிருக்கிறது.

தீர்ப்புக்கு எழுந்த எதிர்ப்பில் 1903இல் சட்டமன்றமே இறங்கிவந்தது. எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் ஒருவர் பெயரையோ உருவத்தையோ விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. இன்றைய ஒப்புதல் படிவத்தின் வேர்களில் ஒன்று இது. அந்தத் தீர்ப்பை எழுதிய ஆல்டன் பார்க்கர் 1904இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். புகைப்படக்காரர்கள் தன்னை விடாமல் துரத்துகிறார்கள் என்று அவர் அலுத்துக்கொண்டபோது, அப்படி மறுக்கும் உரிமை எனக்கு இல்லை என்று சொன்னவர் நீங்கள்தானே என்று ராபர்சன் அவருக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். பெண்ணுரிமை வரலாற்றை எழுதுபவர்கள் இந்தக் கடிதத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் தரலாம்.

அதே சட்டம் நூறாண்டு கழித்து முன்னோட்டப் பக்கத்துக்கு வந்தது. 2013இல் நியூயார்க் மாநில அரசின் ஒரு பிரிவு, எச்ஐவி உள்ளவர்களுக்கும் உரிமைகள் உண்டு என்று ஒரு விளம்பரம் வெளியிட்டது. அதில் இருந்த பெண்ணுக்கு எச்ஐவி இல்லை. வேறொரு கட்டுரைக்காக எடுத்த அவர் படத்தை, எடுத்தவர் ஒப்புதல் படிவம் இல்லாமலே கெட்டி இமேஜஸ் நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார். அரசு அதை உரிமம் பெற்றே வாங்கியது. காப்புரிமையின் கண்ணில் எல்லாம் சுத்தம். நாளிதழில் தன் முகத்தைப் பார்த்தவர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யும்படி நிறுவனம் கேட்டது. 2014இல் நீதிபதி மறுத்துவிட்டார். மாநில அரசுக்கு எதிரான வழக்கிலும் நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கமே நின்றது.

இங்கே எழும் கேள்வி டிசைன் சந்தைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வாங்க வருபவருக்காக ஒரு முகத்தைப் பட்டியலில் அடுக்கிக் காட்டுவது வெறும் காட்சிதானா, வணிகமா? நாங்கள் கடை விரித்தோம், வாங்கியவர் என்ன செய்தாரோ அதற்குப் பொறுப்பில்லை என்று சொல்லத்தான் எந்தச் சந்தையும் விரும்பும். என்னைக் கேட்டால் காட்டுவதே விற்பனையின் முதல் படி. ஜவுளிக்கடைப் பொம்மைக்குப் புடவை சுற்றுபவரிடம் கேட்டால் தயங்காமல் சொல்வார்.

அந்த வழக்கில் எனக்கு உறுத்துவது வேறொன்று. எச்ஐவி உள்ளவள் என்று காட்டப்பட்டதே அவதூறு என்ற வாதமும் அந்தப் பெண் நியாயம் பெற உதவியது. அப்படியானால் எச்ஐவியோடு உண்மையிலேயே வாழும் பெண்ணின் முகத்தை யாராவது கேட்காமல் போட்டிருந்தால்? அவதூறு என்று வாதாட அவளால் முடியாது, சொன்னது உண்மை என்பதால். ‘களங்கம்’ என்ற வாசல் வழியாக வரும் நியாயம் களங்கமற்றவளாகத் தெரிபவளுக்கே எளிதில் கிடைக்கிறது. கேட்கவில்லை என்பதையே குற்றமாக வைக்கும் 1903ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வகையில், அவதூறுச் சட்டத்தைவிட நேர்மையானது.

அந்த 2014இல்தான் கெட்டி நிறுவனம் ஷெரில் சாண்ட்பெர்க்கின் லீன் இன் அமைப்போடு சேர்ந்து, பெண்களை ஆற்றல் மிக்கவர்களாகக் காட்டும் 2,500க்கும் மேற்பட்ட படங்களைத் தொகுத்து வெளியிட்டது. ஒற்றைக் கையில் குழந்தையும் மறு கையில் கைப்பெட்டியுமாக நிற்கும் பெண் என்ற தேய்ந்த படிமத்துக்கு மாற்று வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் மாறியது பெண்ணை எப்படிக் காட்டுவது என்பது மட்டும். காட்டலாமா என்று முடிவெடுப்பவர், காட்டியதில் வரும் பணத்தைப் பெறுபவர் என்ற வரிசை அப்படியே இருந்தது.

படத்தை எடுப்பவள் பெண்ணாக இருந்தால் நிலைமை சீராகிவிடும் என்றும் சொல்ல முடியாது. கேரல் ஹைஸ்மித் தன் புகைப்படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு, எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று கொடுத்தவர். தான் எடுத்த படத்தைத் தன் அறக்கட்டளையின் இணையதளத்தில் போட்டதற்கு 120 டாலர் கட்டச் சொல்லி அவருக்கே கடிதம் வந்தது. 2016இல் அவர் தொடுத்த வழக்கில் கெட்டி நிறுவனம் வைத்திருந்ததாகச் சொன்ன தன் படங்கள் 18,755. கூட்டாட்சிக் காப்புரிமைச் சட்டத்தின் கீழ் அவர் வைத்த கோரிக்கைகள் அதே ஆண்டில் தள்ளுபடியாயின. பொதுவில் விட்ட பொருளைத் தனதென்று விற்பவரைத் தடுக்க, விட்டுக்கொடுத்தவளுக்குச் சட்டம் பெரிதாக எதையும் மிச்சம் வைக்கவில்லை.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். இந்தியச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. ஸ்டுடியோக்காரர் அல்ல என்பதால் இது நல்ல விதி போலத் தெரியும். ஆனால் மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஸ்டுடியோவுக்குக் காசு கொடுப்பவர் யார்? அப்பா, மாமா, மாப்பிள்ளை வீட்டார். படம் முழுக்க நிற்பவள் இங்கேயும் வெறும் பொருள்தான். ஆல்பம், பிளக்ஸ் டெம்ப்ளேட்டுகளின் மாதிரிப் பக்கங்களில் அலங்கரித்து உட்காரவைத்த சிறுமிகளின் முகங்களைப் பார்க்கிறோம். இவற்றில் எதற்கு யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்று அந்தப் பக்கங்களில் ஒரு வரியும் இருப்பதில்லை.

ஒருவரின் உருவத்தை ஒப்புதலின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1994இலேயே சொல்லியிருக்கிறது. நக்கீரன் இதழின் ஆசிரியர் தொடுத்த, ‘ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு’ என்று அறியப்படும் வழக்கு அது. ஆட்டோ சங்கர் வழக்கு என்று நினைவு வைத்திருக்கும் நாம், அதில் இப்படி ஒரு வாசகம் இருப்பதை அதிகம் பேசியதில்லை. பிளக்ஸ் மாதிரியில் இருக்கும் சிறுமிக்கும் அது பொருந்தும். ஆனால் சிறுமி என்பதால் அவளுக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுபவர் பெற்றோர் அல்லது காப்பாளர். பதினெட்டு வயதான பின் அந்தக் கையெழுத்தை அவளே திரும்பப் பெற்றுக்கொள்ள நான் பார்த்த படிவங்கள் எதிலும் இடம் விட்டிருக்கவில்லை.