ஜாக்கி சான் கார்ட்டூனும் நாம கேட்காத இங்கிலீஷும்

"யூ மோ க்வை க்வாய் ஃபை தி ஸாவ்."

இதைப் படிச்சதும் உங்க கை தானா ஒரு காய்ஞ்ச பலூன் மீனைப் பிடிக்கிற மாதிரி மேலே போச்சுன்னா, நீங்க சுட்டி டிவி பார்த்து வளர்ந்தவர். அந்தச் சேனல் 2007-ல் வந்தது. ஸ்கூல் விட்டு வந்து பையை மூலையில் வீசிவிட்டு நாங்க உட்கார்ந்ததெல்லாம் பெரும்பாலும் ஒரே கார்ட்டூனுக்காகத்தான். 'ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்' என்பது அதன் பெயர். எங்க தெருவில் அதற்கு 'ஜாக்கி சான்' என்று மட்டும்தான் பேர். நிஜ ஜாக்கி சான் சினிமாவில் நடிக்கிறார் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த மந்திரத்துக்கு அர்த்தம் தேடிப் பார்த்ததில்தான் இந்தக் கட்டுரை ஆரம்பமாச்சு. ஏதோ தொலைந்துபோன பழைய மொழி என்று நினைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் ஹாங்காங்கில் பேசுகிற சாதாரண கான்டனீஸ். "பேய் பிசாசெல்லாம் சீக்கிரம் ஓடிப்போ" என்பதுதான் மொத்த அர்த்தமும். எங்க பாட்டி உப்பும் மிளகாயும் வெச்சு திருஷ்டி சுத்தும்போது முணுமுணுக்கிற ரகம். ஏமாற்றமாக இல்லை, இன்னும் பிடித்துப்போச்சு.

சரி, தொடர் முழுவதையும் மறுபடி பார்ப்போம் என்று முடிவு செய்தேன். 2000 முதல் 2005 வரை அமெரிக்காவில் ஓடியது. 5 சீசன், 95 எபிசோட். தமிழில் எனக்குக் கிடைத்தது துண்டு துண்டான பதிவுகள்தான். அதனால் ஆங்கிலத்தில், கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா பையனோடு, ஒரு நாளைக்கு மூணு நாலு எபிசோடாக உட்கார்ந்து பார்த்தோம். அவனுக்கு வயசு ஒன்பது. எனக்கு அப்போது என்ன வயசோ அதே வயசு.

பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். ஜாக்கி ஒரு தொல்லியல் ஆய்வாளர். சான் ஃபிரான்சிஸ்கோவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் அங்கிளோடு இருக்கிறார். ஹாங்காங்கிலிருந்து ஜேட் என்ற சொந்தக்காரப் பெண் குழந்தை வந்து சேர்கிறாள். பன்னிரண்டு சீன ராசி விலங்குகளின் பெயரில் பன்னிரண்டு தாயத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தி. கல்லாகச் சபிக்கப்பட்டுக் கிடக்கும் ஷெண்டு என்ற டிராகன் அரக்கனுக்கு அவை வேண்டும். அவனுக்காக வால்மாண்ட் என்பவனின் கும்பல் தேடுகிறது. ஜாக்கி தடுக்கிறார். ஜேட் சொன்ன பேச்சைக் கேட்காமல் பின்னாடியே போகிறாள்.

குறைகளை முதலில் கொட்டிவிடுகிறேன், ஏன்னா நிறைய இருக்கு.

ஒரே கதையை ஐந்து தடவை சொல்கிறார்கள். முதல் சீசனில் தாயத்து பொறுக்குகிறார்கள். இரண்டாவதில் ஷெண்டுவின் உடன்பிறப்புகளுக்கான வாசல்கள், மூன்றாவதில் தாயத்து சக்தி குடியேறிய விலங்குகள், நான்காவதில் முகமூடிகள், ஐந்தாவதில் அரக்கர்களின் சக்தி. பொருள் மாறுகிறதே தவிர பொறுக்குவது மாறவே இல்லை. சின்ன வயசில் எபிசோடுகளை முன்னும் பின்னுமாகப் பார்த்ததால் இது உறைக்கவில்லை. வரிசையாகப் பார்த்தால் நான்காவது சீசனில் கொட்டாவி வருகிறது.

புராணம் இன்னும் மோசம். சேவலுக்கு அந்தரத்தில் மிதக்கும் சக்தி, ஆட்டுக்கு ஆவி உடலை விட்டு வெளியே போகும் சக்தி, பன்றிக்குக் கண்ணிலிருந்து நெருப்புக் கதிர். சீன ராசி மரபில் இதற்கெல்லாம் இடமே கிடையாது. முயலுக்கு வேகம் என்பதைத் தவிர மற்றதெல்லாம் யாரோ மேஜையில் உட்கார்ந்து சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இருக்கு. பான்கு என்பவர் சீனப் புராணத்தில் உலகத்தையே உண்டாக்கிய ஆதி பூதம். இங்கே அவர் பெயர் அரக்கர் வாசலைத் திறக்கிற ஒரு பெட்டிக்கு. கிரேக்கக் கதையின் பண்டோரா பெட்டி காதில் ஒலித்ததால் வைத்தார்களோ என்று எனக்குச் சந்தேகம். ஷெண்டுவின் அடியாட்களான நிழல் வீரர்கள் பார்க்க ஜப்பானிய நிஞ்ஜா, பெயரோ ஷேடோகான். அந்தக் 'கான்' மங்கோலியர்களிடமிருந்து. நான்காவது சீசனில் திடீரென்று அவர்கள் ஜப்பானிய ஓனி பூதங்களின் படை என்று புதுக்கதை விடுகிறார்கள். ஆசியா என்பது ஒரே பெரிய பழம்பொருள் கடை, எந்த அலமாரியிலிருந்தும் எதையும் எடுக்கலாம் என்கிற நினைப்பு.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்ட குறை ஒன்று உண்டு. ஜாக்கி சானின் கலையே வலியில் இருக்கிறது. 'ப்ராஜெக்ட் ஏ' (1983) படத்தில் மணிக்கூண்டிலிருந்து விழுகிறார் என்றால் நிஜமாகவே விழுகிறார். 'ஆர்மர் ஆஃப் காட்' (1986) படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்து மண்டையோடு உடைந்தது. படம் முடிந்தபிறகு, எடுக்கும்போது பட்ட அடிகளையும் காட்டுவார். வரைந்த ஜாக்கிக்கு இது முடியாது. கார்ட்டூனில் பூனைகூட ஆறு மாடியிலிருந்து விழுந்து எழுந்து நடக்கும். தொடரை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால் ஜாக்கி எப்போதும் ஓடுகிறார், ஏணியையும் நாற்காலியையும் பிடித்துச் சமாளிக்கிறார், குத்திய பிறகு "ஆவ்" என்று தன் கையையே தேய்த்துக்கொள்கிறார், "இன்னிக்கு நாளே சரியில்ல" என்று புலம்புகிறார். எபிசோட் முடிவில் நிஜ ஜாக்கியே வந்து குழந்தைகளின் கேள்விக்குப் பதில் சொல்கிறார். பாதி வெற்றிதான். ஆனாலும் சண்டை போட ஆசையே இல்லாத ஒரு சண்டைக்கார நாயகன், ஒன்பது வயசில் எனக்குப் புதுசு.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிச்சுக்கிட்டே சொல்லக்கூடியவை. ரெண்டாவது நாள் அக்கா பையன் ஒரு கேள்வி கேட்டான்.

"ஏன் மாமா அந்தத் தாத்தா மட்டும் இப்படிப் பேசுறாரு?"

ஆங்கிலத்தில் அங்கிள் பேசுவதை நான் அன்றுதான் சரியாகக் கவனித்தேன். வாக்கியம் உடைந்து உடைந்து வருகிறது. தன்னைத் தானே 'அங்கிள்' என்றே சொல்லிக்கொள்கிறார். உச்சரிப்பு வேண்டுமென்றே தடிப்பாக. பேசியவர் சாப் ஷிமோனோ, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க நடிகர். ஆக, அது அவருடைய இயல்பான பேச்சு இல்லை, போட்டுக்கொண்ட குரல். அருமையான நடிப்பு என்பதில் சந்தேகமில்லை. அவர் கோபத்திலும் பாசத்திலும் ஒரு பொய் கிடையாது. ஆனால் கவனியுங்கள்: ஹாங்காங்கிலிருந்து நேற்று வந்திறங்கிய ஜேட் அப்பட்டமான அமெரிக்க இங்கிலீஷ் பேசுகிறாள். சான் ஃபிரான்சிஸ்கோவில் கடையே வைத்திருக்கும் கிழவருக்கு இங்கிலீஷ் வரவில்லை. யார் எங்கே வளர்ந்தார்கள் என்பதை வைத்து உச்சரிப்பைக் கொடுக்கவில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கணுமோ அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. ஏன்னா எனக்குத் தெரிந்த அங்கிள் இப்படிப் பேசவே இல்லை. தமிழில் அவர் எங்க தெருமுனை மளிகைக் கடைத் தாத்தா மாதிரி சரளமாகத் திட்டினார். ஜாக்கி நெற்றியில் ரெண்டு விரலால் ஒரு தட்டு தட்டுவார், திட்டி முடித்துப் போவார், மறுபடி வந்து விட்டதைச் சொல்லித் திட்டுவார். எங்களுக்கு அதில் அந்நியமே இல்லை. ஒரு பெரியவர் தன்னை உறவுப் பெயரால் சொல்லிக்கொள்வது ஆங்கிலத்தில் விசித்திரம். நம்ம வீட்டில் "தாத்தாவுக்கு ஒரு டீ போடு", "மாமா சொல்றேன் கேளு" என்பதெல்லாம் தினமும் கேட்பது. அவருடைய "ஐயா!" என்ற கான்டனீஸ் அலறல்கூட நம்ம "ஐயய்யோ"வுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. (எங்க பாட்டிக்கு ஒரே குறைதான். "அங்கிள்னா என்னடா, அவன் அந்தக் கிழவனுக்கு அண்ணன் மகனா, அக்கா மகனா?" ஒரு ஹாங்காங் பாட்டியும் இதையேதான் கேட்டிருப்பார், கான்டனீஸிலும் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாம் தனித்தனிச் சொல்.)

ஆக, தொடரின் மிக மோசமான குறை தமிழில் விழுந்துபோனது. யாரும் நியாயம் பார்த்துத் திருத்தியதாக நான் நினைக்கவில்லை. டப்பிங்கில் அது தானாக உதிர்ந்தது, அவ்வளவுதான். வேண்டுமென்றால் இங்கேயும் செய்திருக்கலாம். தமிழ் சினிமாவில் 'சேட்டு' வந்தால் என்ன தமிழ் பேசுவார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சிரித்து வளர்ந்தவன் நான். அமெரிக்கர்கள் இப்படிப் பண்ணிட்டாங்களே என்று மட்டும் நான் எழுதினால் அது பாதி உண்மைதான்.

பதிலுக்கு ஒன்று போனது. ஆங்கிலத்தில் பார்க்கும்போதுதான் அது புலம்பெயர்ந்தவர்களின் வீடு என்பதே எனக்கு உறைத்தது. ஊரை விட்டு அனுப்பப்பட்ட குழந்தை, கல்யாணம் ஆகாத நடுவயசு ஆள், புது நாட்டில் பழைய சாமான் விற்கும் கிழவர். மூணு பேரும் ஒரே தமிழ் பேசியதில் அந்தத் தூரம் அழிந்துபோச்சு. எங்களுக்கு அவர்கள் எங்கேயோ இருக்கிற ஒரு குடும்பம், அவ்வளவே.

ரெண்டு மொழியிலும் அசையாமல் நின்றவன் தோரு. சின்ன வயசில் எல்லோருக்கும் ஜேட்தான் நாயகி. அவளை மாதிரி பெட்டிக்குள் ஒளிந்து போகத்தான் ஆசை. இப்போது ஜேட் என்னைக் கொஞ்சம் களைப்பாக்குகிறாள். அவள் செய்வது எதற்கும் விலை கிடையாது, அடுத்த எபிசோடில் எல்லாம் பழையபடி. தோருவுக்கு மட்டும்தான் நேற்று நடந்தது இன்றும் நடந்ததாகவே இருக்கிறது. மலை மாதிரி உடம்பு, ஜப்பானிய சுமோ, வால்மாண்டின் முதன்மை அடியாள். முதல் சீசன் முடிவில் கட்சி மாறுகிறான். வழக்கமான கார்ட்டூனாக இருந்தால் உடனே நல்லவர்கள் அணியில் பெரிய குத்து விடுகிற ஆளாகச் சேர்த்திருப்பார்கள். இங்கே அவனை அங்கிள் கடையில் எடுபிடியாக விடுகிறார்கள். மூலிகை எடுத்துக் கொடுக்கிறான், மந்திரம் கற்கிறான், தப்புப் பண்ணுகிறான், திட்டு வாங்குகிறான். சீனக் கிழவரை "சென்சே" என்று ஜப்பானியச் சொல்லால் கூப்பிடுகிறான். அங்கிள் ஒரு தடவைகூட அதைத் திருத்துவதாக எனக்கு நினைவில்லை, மற்ற எல்லாவற்றையும் திருத்துகிற மனுஷன். ஆசியாவைக் கலந்துகட்டிய தொடர் என்று மேலே குறை சொன்னேனே, அந்தக் கலப்பு இந்த ஒரு இடத்தில் மட்டும் உண்மையாகிவிடுகிறது. ஊர் வேறு, சொல் வேறு, ஆனாலும் குரு சிஷ்யன்.

இதை மந்திர தந்திரக் கதை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பல எபிசோடுகளில் நடப்பது ஒரு பெரிய உடம்புக்காரன், கெட்ட வேலையை விட்டுவிட்டு, சின்ன வேலையை மெதுவாகக் கற்றுக்கொள்வது. மந்திரம் அதற்குச் சாக்கு.

அக்கா பையனுக்கு அன்று கடைசியில் என்ன சொன்னேன் என்றால், "அந்தத் தாத்தாவுக்கு இங்கிலீஷ் அவரோட பாஷை இல்ல, படம் எடுத்தவங்க அதை வெச்சு சிரிக்க வைக்கப் பார்த்தாங்க" என்று. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அவர் பாஷையில எப்படிப் பேசுவாரு?" என்றான். அதற்குத்தான் அந்த மந்திரத்தை அர்த்தத்தோடு சொல்லிக்கொடுத்தேன். ஊருக்குப் போகிறவரை எங்க வீட்டுப் பல்லி ஒவ்வொன்றையும் அவன் கான்டனீஸில்தான் விரட்டினான்.

தமிழ்ப் பதிவுகள் யாரிடமாவது நல்ல நிலையில் இருந்தால் எழுதுங்கள். என்னிடம் இருக்கும் துண்டுகளில் அங்கிளுக்குத் தமிழில் குரல் கொடுத்தவரின் பெயர் எங்கேயும் வரவில்லை. அது யார் என்று எனக்குத் தெரிஞ்சே ஆகணும்.