எழுத்தில் இல்லாத சாதி

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் படித்தோர் பொற்கொல்லனைச் சபிப்பர், பாண்டியனைப் பழிப்பர். மன்னன் இட்ட ஆணையின் வாசகத்தை ஆராய்வோர் அரியர். கள்வன் கையில் சிலம்பு இருந்தால் கொன்று கொணர்க என்பதே ஆணை. அதிலே குலமில்லை, குடியில்லை. எத்துணை நடுநிலையான சொற்றொடர்! கோவலனைக் கண்ட காவலர் தயங்கினர். இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்றனர். பொற்கொல்லன் விட்டானா? கள்வர் கையாளும் கலைகளை அடுக்கினான். வாள் வீழ்ந்தது. கள்வன் யாரென முடிவுகட்டியது ஆணையன்று, அதை ஏந்திச் சென்றவனின் நா!

தோழர்களே, அந்த நாவுக்கு நம் சட்டப் புத்தகத்திலும் இடமுண்டு. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, குற்றத்தை வழக்கமாகக் கொண்டவன் எவனாயினும் நன்னடத்தைக்குப் பிணை தரவேண்டும் என்றது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே எண்ணோடு வந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண் 129 ஆயிற்று. எந்தச் சாதியின் பெயரும் அதில் இல்லை. ஆனால் ஒருவன் அத்தகையவன் என்பதற்கு ஊரார் பேச்சும் சான்றாகும் என்று மற்றொரு விதி கூறுகிறது. எந்த ஊரார்? சேரியின் பேச்சு ஊர்ப்பேச்சாக என்று எடுபட்டது?

சேலம், நாமக்கல் சமவெளிக்கு வருவோம். கடற்கரை உப்பைப் பொதிமாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுவந்தவர் குறவர். சேலம் உப்புக் குறவர் என்று தொழிலையே பெயரில் தாங்கிய பிரிவினர் இன்றும் அரசின் பட்டியலில் உளர். 1860களில் இருப்புப்பாதை வந்தது, உப்பு வண்டியேறியது, குறவர் பிழைப்பு வீழ்ந்தது. பிழைப்பிழந்து அலைந்தவரை அரசு ஐயுற்றது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்து, பிறப்பையே குற்றமாக்கியது.

அக்கொடுமை இங்கு 1947இல் ஒழிந்தது. உடனே, 1948இல், வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது! இது கூட்டத்தைச் சுட்டாது, தனிமனிதனையே சுட்டும் என்றனர். நல்லது. ஆனால் காவல் நிலையத்துப் பழைய பதிவேட்டில் யார் பெயர்கள் இருந்தன? கைரேகைகள் யாருடையவை? சாதியைத் துடைத்த சட்டம், சாதி எழுதிய ஏட்டைப் பார்த்தே ஆளைத் தேடப் புறப்பட்டது.

பிணை என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நிலமுள்ளவனுக்கு அது ஒரு கையெழுத்து. கூடை முடைபவனுக்குக் கையெழுத்திட எவன் வருவான்? பிணை தர இயலாதவன் சிறை செல்லவேண்டும். புதுக் குற்றம் எதுவும் மெய்ப்பிக்கப்படாமலே! குறவஞ்சி பாடிக் குறத்தியின் சொல்வன்மையை மெச்சிய நாடு, அவள் கணவன் நல்லவன் என்று அவளே சொன்னால் மட்டும் செவிசாய்க்காது.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சிறைகளில் நிலவிய சாதிப் பாகுபாட்டு விதிகளை நீக்கிய தீர்ப்பிலே, சீர்மரபினரைக் காரணமின்றிக் கைது செய்யலாகாது என்று காவல்துறைக்கு அறிவுறுத்தியது. வரவேற்போம். எனினும் ஊர்ப்பேச்சைச் சான்றாக ஏற்கும் விதி, 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் இடம்பிடித்துவிட்டது.