மதில்மேல் ஒரு ரசிகன்

2015 ஆகஸ்டில் காலி டெஸ்ட் பார்க்கப் போயிருந்தேன். சென்னையிலிருந்து கிளம்பிய ஒரு டூர் குழு. விமானம், ஓட்டல், ஸ்டாண்டில் இடம், நீலச் சட்டை, ஆளுக்கொரு கொடி, எல்லாம் சேர்த்து ஒரே தொகை. தேசியத்தைக் கட்டுடைச்சு எழுதுற நீ அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டியா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போட்டுக்கொண்டேன். காசு கட்டியாயிற்றே.

உள்ளூரில் ஆட்டம் பார்ப்பவனுக்குத் தேசம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தபோது எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன். அன்று அது எங்களுக்குச் சாத்தியமாயிற்று. அந்நிய மைதானத்தில் அதே உடல் வேறாகிவிடுகிறது. பதினைந்து பேர் ஒரு கொடியின் கீழ் உட்கார்ந்ததும் கொடி நம் தொண்டையைக் கேட்கிறது, நாமும் கொடுத்துவிடுகிறோம். பயண ரசிகன் என்பவன் தேசத்தைத் தன் செலவில் தூக்கிச் சுமந்து போகிறவன்.

முதல் நாள் அஷ்வின் 46 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுத்தபோது எங்கள் குழு தமிழில் கத்தித் தீர்த்தது. இந்தியா என்பது அந்த நேரத்துக்கு மட்டும் தமிழ்நாடாகச் சுருங்கிக்கொண்டது. அந்த மண்ணில் தமிழில் உரக்கப் பேசுவதற்கு வேறொரு வரலாறு இருக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்களைக் காப்பாற்றியது மொழியல்ல, பாஸ்போர்ட்.

மூன்றாம் நாள் குழுவின் கூச்சல் தாங்காமல் வெளியே வந்து கோட்டை மதிலில் ஏறிவிட்டேன். காலியில் இது ஒரு வசதி. டச்சுக்காரர்கள் பலப்படுத்திய கோட்டை. மணிக்கூண்டுப் பக்கம் நின்றால் மைதானம் முழுக்கத் தெரியும், டிக்கெட் கிடையாது. 2004 சுனாமியில் அழிந்து மூன்று வருடம் கழித்துத் திரும்ப ஆட்டம் தொடங்கிய மைதானம் அது. சண்டிமால் அடித்துக்கொண்டிருந்தார். (அவரும் திரிமன்னவும் நடுவர்களின் தயவில் பிழைத்தார்கள் என்று எங்கள் ஆட்கள் குமுறினார்கள். மறுபரிசீலனை முறையே வேண்டாம் என்று அடம்பிடித்தது நம் கிரிக்கெட் வாரியம்தான் என்பதை யாரும் சொல்லவில்லை.)

பக்கத்தில் ஓர் இளைஞர், சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தவர், என் சட்டையைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்: "நீங்க மெட்ராஸா அண்ணே?" பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. காலியில் கடையில் வேலை. சிறிது நேரம் பேசிவிட்டு நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். நீங்க எப்படி இவங்களுக்குக் கத்துறீங்க?

"வேற யாருக்குக் கத்துறது? நான் இங்கதானே இருக்கேன்."

என்னிடம் கோட்பாடு தயாராக இருந்தது. ஒடுக்கப்பட்ட சிறுபான்மை, விசுவாசத்தை நிரூபிக்க வேண்டிய கட்டாயம், மேலாதிக்கத்துக்குத் தரும் சம்மதம். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. அவரே தொடர்ந்தார். 2010 ஜூலையில் முரளி எண்ணூறாவது விக்கெட் எடுத்தபோதும் இதே மதிலில்தான் நின்றாராம். "தெரியாத ஆளுங்கெல்லாம் கட்டிப்பிடிச்சாங்க அண்ணே. மறுநா கடைக்குப் போனேன், முதலாளி பழையபடிதான்." சிரித்துக்கொண்டே சொன்னார். அவருடைய பெரியப்பா குடும்பம் கோத்தகிரிக்கு அனுப்பப்பட்டுவிட்டதாம். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்ததே, அந்தக் கணக்கில். நான் டூர் போட்டுக் கடந்த அதே கடல்.

1990இல் பிரிட்டனின் கன்சர்வேடிவ் அரசியல்வாதி நார்மன் டெபிட், குடியேறிய ஆசியர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை விசுவாசத்தின் அளவுகோலாக வைத்தார். இனவாதம் என்று சரியாகவே நாம் சொன்னோம். நான் மதிலில் வைத்தது அதே பரீட்சைதான், விடை மட்டும் தலைகீழ். நாம் இதைச் செய்துகொண்டே இருக்கிறோம். 2020 அக்டோபரில் முரளி வாழ்க்கைப் படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகும்வரை இங்கே நடந்ததை நினைத்துப் பாருங்கள். முரளியின் அரசியல் பேச்சுகள் எனக்குக் கொஞ்சமும் உவப்பானவை அல்ல. அவற்றை விமர்சிக்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கப்பட்டது விமர்சனம் மட்டுமா? 1977 கலவரத்தில் குடும்பத் தொழிற்சாலை எரிக்கப்பட்ட, 1948 சட்டம் நாடற்றதாக்கிய சமூகத்திலிருந்து வந்த ஒருவர், நாம் கற்பிதம் செய்துகொண்ட தமிழனாக ஏன் இல்லை என்பதுதான் கேள்வியின் அடியில் கிடந்தது. மலையகம் நம் சொல்லாடலில் எப்போதும் ஈழத்தின் பின்னிணைப்பு.

சி.எல்.ஆர். ஜேம்ஸ் நினைவுக்கு வருகிறார். டிரினிடாடில் இளவயதில் கருப்பர்களின் ஷானன் கிளப்பை விட்டு மாநிற நடுத்தர வர்க்கத்தின் மேப்பிளில் சேர்ந்ததைப் பின்னாளில் தன் அரசியல் தவறாகவே எழுதினார். தன் தேர்வைத்தான் விசாரித்தார், அடுத்தவனுடையதை அல்ல.

நான்காம் நாள் ஆகஸ்ட் 15. ஸ்டாண்டில் கொடிகள் இரட்டிப்பாகியிருந்தன. 176 அடித்தால் போதும். ஹெராத் 48 ரன்னுக்கு ஏழு விக்கெட், இந்தியா 112. பப்பரே வாத்தியம் காதைப் பிளந்தது. எங்கள் ஆட்கள் கொடியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்கள். மதிலுக்கு ஓடினேன், அவர் இல்லை. திங்கட்கிழமை தேர்தல், ஓட்டுப் போட ஊருக்குப் போக லீவு கேட்டிருப்பதாக முந்தின நாளே சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலை கொழும்புக்குத் திரும்பும்போது காலி பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். கண்ணாடி வழியே தேடினேன். வண்டியில் யாரோ அடுத்த டூர் எப்போது, எந்த நாடு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.